செலினியம் 200 மாத்திரை: ஆறு வாரம் போட்டுப் பார்த்த பிறகு

நானும் என் தம்பியும் வருடத்தில் பாதி நாள் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள். முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கிற வேலை. எங்களைப் போன்றவர்களுக்கென்றே இப்போது ஒரு மாத்திரை இணையத்தில் நன்றாக விற்கிறது. செலினியம், ஒரு மாத்திரையில் 200 மைக்ரோகிராம், 90 மாத்திரை கொண்ட வெள்ளை டப்பா, முகப்பில் ஒரு கேடயம், கேடயத்துக்குள் கல்லீரல் படம். பூச்சிக்கொல்லி நச்சிலிருந்து கல்லீரலையும் சிறுநீரகத்தையும் காக்கும் தாது என்று விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அதற்குக் கீழே எலிக் கல்லீரலின் நுண்ணோக்கிப் படங்கள் நான்கு, வரைபடங்கள் இரண்டு. ஆளுக்கொரு டப்பா வாங்கினோம். நான் ஆறு வாரம் போட்டேன், தம்பி ஒரு மாதம் போட்டான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதே படம் இதே வாக்கியத்தோடு வேறு நாலைந்து பெயர்களிலும் விற்கிறது. ஒன்றைச் சொன்னால் மற்றது நல்லது என்று ஆகிவிடும்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை சின்னது, சட்டைப் பொத்தான் அளவுதான், விழுங்கச் சிரமமில்லை. வாடை எதுவும் இல்லை. வெறும் வயிற்றில் போட்டால் லேசாகக் குமட்டியது, சாப்பிட்ட பிறகு போட்டபோது அதுவும் இல்லை. டப்பாவின் வாயில் ஒட்டிய தகடு சரியாக இருந்தது, தொகுப்பு எண்ணும் காலாவதித் தேதியும் அழியாமல் அச்சாகியிருந்தன. உள்ளே இருப்பது செலினோமெத்தியோனின் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது, அதாவது மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் செலினியம் உட்கார்ந்திருக்கும் வடிவம். இதை உடம்பு நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும், குறை சொல்ல முடியாது. செலினியம் குறைவாக உள்ளவருக்கு அதை நிரப்புகிற மாத்திரை என்று மட்டும் எழுதி விற்றிருந்தால் நானும் நாலு வரியில் நல்லபடியாக எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

என் தகராறு அந்தக் கேடயப் படத்தோடுதான்.

ஆனால் அந்த எலிப் படங்கள் பொய் இல்லை. விளம்பரம் பிடிக்கவில்லை என்று அறிவியலைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான், டயசினான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் உடம்புக்குள் போனால் இரண்டு விதமாகக் கெடுதல் செய்கின்றன. ஒன்று வேகமாக நடப்பது. நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் செய்தியைக் கடத்தும், வேலை முடிந்ததும் அதை உடைத்துப் போடுவதற்கு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. மருந்து அந்த நொதியைப் பிடித்துப் பூட்டிவிடும். பிறகு செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கண்ணீர், எச்சில், வியர்வை, வாந்தி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, தசை தானாகத் துடிப்பது, முற்றிவிட்டால் மூச்சே நின்றுபோவது. இன்னொன்று மெதுவாக, வெளியே தெரியாமல் நடப்பது. கல்லீரல் குளோர்பைரிஃபாஸை மாற்றப் பார்க்கும்போது அதிலுள்ள ஒரு கந்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆக்சிஜனை வைக்கிறது, அப்படி உருவாகும் ஆக்சான் என்ற பொருள்தான் மூல மருந்தைவிடப் பல மடங்கு கொடியது. இந்த வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அடங்காத ஆக்சிஜன் பொருள்களும் சேர்கின்றன. அவை செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலத்தை அரிக்கும், இரும்பில் துரு ஏறுவதைப் போல.

செலினியம் வருவது இந்த இரண்டாவது இடத்தில். குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடை வெறும் தண்ணீராக மாற்றிவிடும். அந்த நொதிக்குள் செலினியம் இருக்கிறது என்பது 1973இல் தெரியவந்தது, நொதியின் வேலை நடக்கிற இடமே அதுதான். அதற்கும் முன்னால் 1957இல் கிளாஸ் ஷ்வார்ஸ் என்பவர் எலிகளில் வேறொன்றைக் காட்டியிருந்தார்: வைட்டமின் ஈ இல்லாத உணவைத் தின்று கல்லீரல் அழுகிச் சாகிற எலிகளுக்கு மிக நுண்ணிய அளவு செலினியம் கொடுத்தால் கல்லீரல் பிழைத்துவிடுகிறது. அதுவரை செலினியம் என்றாலே விஷம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். கல்லீரலுக்கும் இந்தத் தாதுவுக்கும் உள்ள உறவு அந்த வகையில் பழையது, உண்மையானது. மனிதருக்கு இன்று செலினியத்தை நம்பிய புரதங்களுக்கான மரபணுக்கள் 25 என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் பூச்சிமருந்து சோதனைகள். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்து மட்டும், இன்னொன்றுக்கு மருந்தும் செலினியமும், வேறொன்றுக்குச் செலினியம் மட்டும், கடைசிக் கூட்டத்துக்கு இரண்டும் இல்லாமல் சில வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். மருந்து மட்டும் தின்ற எலிகளின் ரத்தத்தில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கும், சிறுநீரகம் கெட்டால் ஏறுகிற யூரியாவும் கிரியாட்டினினும் கூடியிருக்கும், கல்லீரலை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால் செல்களுக்குள் குமிழ் குமிழாக வெற்றிடங்கள், நாளங்களில் ரத்தத் தேக்கம், ஆங்காங்கே செத்த திட்டுகள். செலினியமும் சேர்த்துத் தின்ற எலிகளில் இதெல்லாம் குறைவாக இருக்கும். குறைவாக என்றுதான் சொன்னேன். பெரும்பாலும் பாதி வழிதான் திரும்பி வருகிறது, மருந்தே படாத எலியின் கல்லீரல் போல ஆகிவிடுவதில்லை. விளம்பரப் பக்கத்தில் இருந்த நான்கு படங்களையே பெரிதாக்கிப் பாருங்கள், மருந்தும் செலினியமும் தின்ற எலியின் படத்துக்கும் மருந்தே படாத எலியின் படத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாராகுவாட் களைக்கொல்லியை வைத்து 1990களின் கடைசியில் சுண்டெலிகளில் செய்த சோதனை. குளூட்டாதயோன் பெராக்சிடேஸின் முக்கிய வகையை உண்டாக்கும் மரபணுவையே எடுத்துவிட்ட சுண்டெலிகள் பாராகுவாட்டுக்கு மற்றவற்றைவிட வெகு சீக்கிரம் செத்தன. அவற்றுக்குக் கூடுதலாகச் செலினியம் கொடுத்தும் பயனில்லை. அதாவது செலினியம் என்ற தாது தானாகப் போய் விஷத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. நொதிக்குள் போய் உட்கார்ந்தால்தான் அதற்கு வேலை, அந்த நொதியிலோ இடம் அளவானது. எல்லா இடமும் நிரம்பிய பிறகு எவ்வளவு விழுங்கினாலும் நொதி கூடாது, நிறைகுடத்தில் ஊற்றுகிற மாதிரி வழிந்துதான் போகும். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 70 முதல் 90 நானோகிராம் செலினியம் இருந்தாலே இந்த நொதி கிட்டத்தட்ட முழு அளவை எட்டிவிடுகிறது, 125 வாக்கில் செலினோபுரோட்டீன் பி என்ற கடத்திப் புரதமும் நிரம்பிவிடுகிறது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் பரிசோதனைத் தாளைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். ஒரு சாயங்காலம் விற்பனைப் பக்கத்தில் காட்டியிருந்த மாதிரியான சோதனைகளில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தேடி, தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். மாலத்தியான் போன்ற மருந்துகளோடு எலிக்குக் கொடுப்பது பெரும்பாலும் சோடியம் செலினைட் என்ற செலினியம் உப்பு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது அடிக்கடி வருகிற அளவு. எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற 6.2ஆல் வகுக்க வேண்டும், இது மருந்து ஆய்வில் வழக்கமான கணக்கு. கிலோவுக்கு 0.16 மில்லிகிராம் வருகிறது. 60 கிலோ ஆளுக்கு 9.7 மில்லிகிராம் சோடியம் செலினைட். அந்த உப்பின் எடையில் செலினியம் நூற்றுக்கு 45.7 பங்கு. ஆக 4.4 மில்லிகிராம் செலினியம், மைக்ரோகிராமில் சொன்னால் 4,400.

என் கையிலிருந்த மாத்திரையில் 200. அந்த எலிக்குச் சமமாக வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 22 மாத்திரை.

தயவுசெய்து யாரும் அதைச் செய்து பார்த்துவிடாதீர்கள், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான செலினியம் அமெரிக்கப் பரிந்துரைப்படி 55 மைக்ரோகிராம். தாண்டக்கூடாத எல்லை 400 என்று 2000ஆம் ஆண்டில் வகுத்தார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தன்னுடைய எல்லையை 255க்கு இறக்கிவிட்டது. செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவில் இருப்பது ஒற்றையடிப் பாதைதான். அளவு மீறினால் மூச்சில் பூண்டு வாடை, வாயில் உலோகச் சுவை, முடி கொட்டுவது, நகம் வெளுத்துப் பிளந்து கழன்றே விழுவது, நரம்புத் தளர்ச்சி என்று போகும். சீனாவின் என்ஷி பகுதியில் 1960களில் மண்ணிலேயே செலினியம் மிகுந்த ஊர்களில் ஜனங்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2008இல் ஒரு திரவச் சத்து மருந்தில் தவறுதலாக லேபிளில் எழுதியதைப்போல் சுமார் 200 மடங்கு செலினியம் கலந்துவிட, 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். அளவு மீறிய செலினைட் உடம்பிலுள்ள குளூட்டாதயோனோடு வினைபுரிந்து, எந்த அடங்காத ஆக்சிஜனை அடக்க வந்ததோ அதையே உண்டாக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இதே செலினியத்தின் ஓர் உப்பு, சோடியம் செலினேட், 1930, 40களில் கண்ணாடிக் குடில்களில் பூச்செடிகளுக்குப் பூச்சிமருந்தாகவே பயன்பட்டது. செடி அதை வேர் வழியாக உறிஞ்சிக்கொள்ளும், சாற்றைக் குடிக்கிற பூச்சி சாகும். கேடயப் படத்தை அச்சிடுவதற்கு முன் யாராவது ஒருவர் இதைப் படித்திருக்கலாம்.

சோதனைக்கும் டப்பாவுக்கும் அளவில் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். எலிக்குப் போனது பெரும்பாலும் செலினைட், டப்பாவில் இருப்பது செலினோமெத்தியோனின், இரண்டும் உடம்பில் ஒரே வழியில் போவதில்லை. செலினோமெத்தியோனினை உடம்பு சாதாரண மெத்தியோனின் என்றே எடுத்துக்கொண்டு தசைப் புரதங்களில்கூடப் பதுக்கிவைக்கும், அதில் ஒரு பங்குதான் நொதிக்குப் போகும். அதோடு எலிக்கு மருந்து கொடுக்கும் முன்பே அல்லது கூடவே, ஒரு நாள் தவறாமல், எடை பார்த்துச் செலினியம் ஊட்டுகிறார்கள். நம்மில் யார் என்ன மருந்தை எவ்வளவு உள்ளே வாங்கினோம் என்று எடை போட்டுப் பார்க்கிறோம்? காற்று எந்தப் பக்கம் அடித்தது, குழாய் எந்த இடத்தில் கசிந்தது என்பதைப் பொறுத்தது அது.

பெரிய மனிதச் சோதனைகளும் இந்த மாத்திரைக்குச் சாதகமாக இல்லை. பூச்சிமருந்தைப் பற்றியவை இல்லை அவை, ஆனாலும் இதே 200 மைக்ரோகிராம் என்பதால் சொல்கிறேன். 35,000க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து, புராஸ்டேட் புற்றுநோயைச் செலினியமும் வைட்டமின் ஈயும் தடுக்குமா என்று பார்த்த ஆய்வை 2008இல் பாதியில் நிறுத்தினார்கள், தடுக்கவில்லை. முதலிலேயே செலினியம் நிறைய இருந்தவர்கள் மேலும் மாத்திரை எடுத்தபோது தீவிர வகைப் புற்றுநோய் கூடியது என்று பின்னால் கணக்கு வந்தது. அதற்கு முந்தைய ஒரு தோல் புற்றுநோய் ஆய்விலும் 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாகத் தெரிந்தது. போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுப்பது சும்மா வீண் என்று மட்டும் நினைக்காதீர்கள், கெடுதலாகவும் முடியலாம்.

சரி, என் கதை. லேபிளில் தினம் 1 முதல் 2 மாத்திரை என்று இருந்தது. மருந்து அடிக்கிறவன் என்பதால் நான் 2 போட்டேன், வேலை கடினம் என்றால் சத்தும் கூட வேண்டும் என்ற சாதாரண எண்ணம்தான். ஆறாவது வாரம் அலமாரியைத் துடைக்கும்போது எல்லா டப்பாக்களையும் எடுத்து வரிசையாக மேசையில் வைத்தேன். வழக்கமாகப் போடும் பல்சத்து மாத்திரையின் (பல சத்துகள் சேர்ந்த மல்டிவிட்டமின்) பின்புறத்தில், பதினேழாவது வரியில், செலினியம் 55 மைக்ரோகிராம் என்று இருந்தது. 400உம் 55உம் 455. சாப்பாட்டில் வருவது தனி. எல்லையைத் தாண்டி ஒன்றரை மாதமாக நடந்துகொண்டிருந்திருக்கிறேன், ஒரு லேபிள்கூட என்னை நிறுத்தவில்லை. கேடய டப்பாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு செலினியம் பொருள்களோடு சேர்த்து எடுக்காதீர்கள் என்ற வரி எங்கும் இல்லை. அடியில், மடிப்புக்குள், எறும்பு ஊர்கிற மாதிரியான எழுத்தில், இந்தப் பொருள் எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உருவாக்கப்பட்டதில்லை என்று மட்டும் இருந்தது. முன்பக்கம் கேடயம், பின்பக்கம் இந்த வரி. ஒரே டப்பா.

சீப்பில் முடி அதிகமாக வந்துகொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. அது செலினியத்தால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், அந்தச் சமயத்தில் எனக்குத் தூக்கமும் குறைவு. ஆனாலும் போய் ரத்தம் கொடுத்தேன். செலினியம் 188 வந்தது. அந்த ஆய்வகம் தாளில் போட்டிருந்த இயல்பு அளவு 70 முதல் 150. மேலே சொன்ன 125ஐப் பாருங்கள், அதற்கு மேல் ஏறியதெல்லாம் எந்தக் காவல் வேலைக்கும் போகாத சரக்கு. கல்லீரல் அளவுகள் மாத்திரைக்கு முன் எடுத்ததும் பின் எடுத்ததும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏஎல்டி முன்பு 34, பிறகு 36. ஒருவனுடைய தாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, எனக்கு நடந்தது இது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி மூன்று மாதம் கழித்து எடுத்ததில் 131க்கு வந்திருந்தது.

இதையெல்லாம் நான் மனதோடு வைத்துக்கொண்டு போயிருப்பேன், தம்பிக்கு நடந்தது நடக்காமல் இருந்திருந்தால்.

மாத்திரை போட ஆரம்பித்த நாலாவது வாரம். காலையில் மருந்து கலக்கும் இடத்துக்கு நான் போனபோது தம்பி வெறுங்கையோடு புட்டியைத் திறந்துகொண்டிருந்தான். கையுறை ஜோடி பக்கத்தில் வேலிக்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. "கையுறை எங்கடா" என்றேன். "வேர்த்து ஊத்துது அண்ணே, அதான் மாத்திரை போடுறேனே" என்றான். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பிச் சொன்னான். நீர் கலக்காத மருந்து, அடர்த்தியானது, புட்டியின் வாயிலிருந்து வழிந்து அவன் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எண்ணெய்போல இறங்கியது. அதைக் கால்சட்டையில் துடைத்தான். நான் கத்தினேன், கழுவினான், ஆனால் அதே கால்சட்டையோடுதான் அன்றைக்குப் பகல் முழுவதும் அடித்தான். நானும் அதை மாற்றச் சொல்லவில்லை, அது என் தப்பு.

சாயங்காலம் தலைவலி என்றான். அப்புறம் குமட்டல். முகம் குளிர்ந்து வியர்த்திருந்தது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, துப்பித் துப்பி மாளவில்லை. விளக்கைக் காட்டிப் பார்த்தேன், இருட்டிய பிறகும் கண்மணி கடுகளவுதான் இருந்தது. உடைகளைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் கூட்டிப்போனோம். மருந்துப் புட்டியின் லேபிளையும் எடுத்துப்போனேன், அதைப் பார்த்துத்தான் எந்த வகை என்று உடனே புரிந்துகொண்டார்கள். அட்ரோபின் ஊசி போட்டு ஒரு இரவு கவனிப்பில் வைத்தார்கள். காலையில் சரியாகிவிட்டான். மருத்துவரிடம் இந்த டப்பாவைக் காட்டினேன். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். பூட்டிய நொதியால் வருகிற தொல்லையை அடக்குவது அட்ரோபின், பூட்டை நீக்கப் பிராலிடாக்சைம் போன்ற மருந்துகள், அவையும் நேரத்தோடு கொடுத்தால்தான். செலினியம் மாத்திரைக்கு அந்தப் பூட்டைத் திறக்கிற வேலை தெரியாது என்றார். அவ்வளவுதான், ஆனால் எனக்குப் பெரிய பாடம் நடத்தியதுபோல் இருந்தது.

அதனால் இந்த மாத்திரையின் பெரிய குறை எது என்று கேட்டால் அதற்குள் இருக்கிற 200 மைக்ரோகிராமைச் சொல்லமாட்டேன். அது வேலிக்கம்பியில் தொங்கவிட்ட கையுறையைச் சொல்வேன்.

தோல் விஷயத்தில் 1970களின் தொடக்கத்தில் பாரத்தியான் என்ற மருந்தை மனிதர்களின் உடம்பில் பல இடங்களில் தடவி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்திருக்கிறார்கள். முன்கையில் தடவியதில் நூற்றுக்கு 8.6 பங்கு உள்ளே போனது. உள்ளங்கையில் 11.8. உச்சந்தலையில் 32, நெற்றியில் 36. விரைப்பையில் கிட்டத்தட்ட முழுவதும். மருந்து பட்ட கையைத் தம்பி எங்கே துடைத்தான் என்று யோசித்துப் பாருங்கள். மருந்துக் கையோடு நெற்றி வியர்வையை வழிக்கிறோமே, அந்த ஒரு வழிப்பில் உள்ளே போவதை எந்தச் சத்து மாத்திரையும் திருப்பி வாங்காது. கையுறையிலும் துணி, தோல் கையுறை ஆகாது, மருந்தை ஊறவைத்துக் கொண்டு நாள் முழுக்கத் தோலோடு ஒட்டிவைத்திருக்கும். நைட்ரைல் கையுறை, முழங்கைப் பக்கம் வரை நீளமானது, கலக்கும்போது முகத்துக்கு மறைப்பு, கலந்து முடித்ததும் கையுறையோடே முதலில் கழுவி அப்புறம் கழற்றுவது. வேர்க்கத்தான் செய்யும். நாங்கள் இப்போது விடிகாலையிலேயே கலந்துவிடுகிறோம், அந்த நேரத்தில் வேர்வை கொஞ்சம் தேவலை.

மாத்திரைக்குச் செலவழிக்கிற காசை ஒரு பரிசோதனைக்குச் செலவழியுங்கள் என்பேன். கோலினெஸ்டரேஸ் பரிசோதனை, ரத்தச் சிவப்பணுவிலும் பிளாஸ்மாவிலும் தனித்தனியாக எடுப்பது. ஆளுக்கு ஆள் இயல்பு அளவு நிறைய மாறும், அதனால் மருந்தே படாத காலத்தில் ஒருமுறை எடுத்து வைத்திருந்தால்தான் பிறகு எடுப்பதற்கு அர்த்தம். தம்பிக்கு அன்றைக்கு எடுத்தது குறைவாகத்தான் இருந்தது, ஆனால் அவனுடைய சொந்த அளவிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, பழைய தாள் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதற்கு விதியே இருக்கிறது. மருந்து கையாளும் தொழிலாளியின் அளவு அவருடைய அடிப்படை அளவில் நூற்றுக்கு 80க்குக் கீழே போனால் வேலை செய்யும் முறையைச் சோதிக்க வேண்டும், சிவப்பணுவில் 70க்கோ பிளாஸ்மாவில் 60க்கோ இறங்கினால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், திரும்ப 80 வந்த பிறகுதான் சேர்க்கலாம். தலைவலி வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிற பரிசோதனை இது. எங்களுக்கு இதை மருத்துவமனையில் படுத்த பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

செலினியம் யாருக்குமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மண்ணில் செலினியம் குறைந்த இடங்களில் விளைவதையே தின்று வாழ்கிறவர்களுக்கு உண்மையிலேயே குறை வரும். சீனாவின் கெஷான் மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு இதயத் தசை நோய் இருக்கிறது, குழந்தைகளையும் இளம்பெண்களையும் கொண்டுபோன நோய், 1970களில் சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துத்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். பின்லாந்து 1980களின் நடுவிலிருந்து உரத்திலேயே செலினியம் சேர்க்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், நீண்ட காலம் ரத்தக் குழாய் வழி உணவில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் குறையலாம். அப்படிக் குறை இருக்கிற உடம்பில் பூச்சிமருந்தும் சேர்ந்தால் அடி பலமாக விழலாம் என்று அந்த நொதி இல்லாத சுண்டெலிகளை வைத்து யோசிக்க இடமிருக்கிறது. ஆகவே சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தத்தில் செலினியம் எவ்வளவு என்று பாருங்கள். குறைவு என்று வந்தால் மருத்துவர் சொல்கிற அளவில் போடுங்கள், பல்சத்து மாத்திரையில் இருப்பதையும் சேர்த்துக் கூட்டுங்கள். மீன், முட்டை, தானியம் என்று சாதாரணமாகச் சாப்பிடுகிற பலருக்குத் தேவையானது அதிலேயே வந்துவிடுகிறது.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால், குறை உள்ளவருக்கான சத்து மாத்திரை என்ற அளவில் 5க்கு 3, அதிலும் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது அந்த 1 முதல் 2 மாத்திரை என்ற வரிக்காக. பூச்சிமருந்துக்குக் கவசம் என்ற அளவில் ஒன்றும் இல்லை. விற்பனைப் பக்கத்தில் இதன் சுருக்கத்தைப் போட்டேன், இரண்டு நாளில் காணாமல் போனது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன், எங்கள் தயாரிப்பு அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது என்று அதே எலிப் படங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதில் எலிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

மருந்து படாத இரண்டு மாதத்துக்குப் பிறகு தம்பியும் நானும் கோலினெஸ்டரேஸ் எடுத்துக்கொண்டோம். இரண்டு தாளையும் மருந்துப் புட்டி வைக்கும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம், கையுறையை எடுக்கத் திறந்தால் கண்ணில் படும். அவனுடைய டப்பாவில் 60 மாத்திரை மிச்சம். "தூக்கிப் போட்டுரவா அண்ணே" என்று கேட்டான். முதலில் உன் செலினியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன், வியாழக்கிழமை முடிவு வரும்.